காபி டீ ருசியில பாதி டம்ளர் கையில இருக்கு

அதே காபி பவுடர், அதே பால், அதே சக்கரை, ஆனா வீட்ல டபரா டம்ளர்ல குடிக்கிற காபி ஒரு மாதிரி இருக்கும், அதையே ஒரு பெரிய பீங்கான் மக்ல ஊத்திக் குடிச்சா ஏதோ ஒண்ணு கொறையும். நெறைய பேர் இது சும்மா மனசு, பழக்கதோஷம்னு சொல்லிட்டு போயிடுவாங்க. பழக்கமும் கொஞ்சம் இருக்கு, இல்லேங்கல. ஆனா முக்கால்வாசி இது சூடு சம்பந்தப்பட்ட கணக்கு. கப்புங்கிறது வெறும் காபிய தாங்குற சாமான் இல்ல, காபியோட சூட்டை கூட்டி கொறைக்கிற ஒரு கருவி, இது ஒண்ணு புரிஞ்சா போதும், எந்த டீக்கு எந்த கிளாஸ்ங்கிறது தானா புரிய ஆரம்பிச்சிடும்.

முதல்ல ஒரு சின்ன கணக்கு பாத்துடலாம். ஃபில்டர் காபியில டிகாஷன் பெரும்பாலும் ஆறித்தான் இருக்கும், ரூம் சூடு 30 டிகிரின்னு வைங்க. அதுல 40 மில்லி எடுத்து பொங்கி வந்த பால் 110 மில்லி ஊத்துறோம், பால் ஒரு 95 டிகிரி. ரெண்டும் கலந்தா 78 டிகிரிக்கு பக்கத்துல வரும். இப்ப இந்த 150 மில்லி காபிய ஒரு எவர்சில்வர் டம்ளர்ல ஊத்துறீங்க. டம்ளர் எடை 60 கிராம் இருக்கும். அது சூடாகுறதுக்கு காபிகிட்ட இருந்து எடுத்துக்கிறது ரெண்டு டிகிரி சூடுதான். அதே காபிய 300 கிராம் எடை இருக்கிற தடிமனான பீங்கான் மக்ல ஊத்துனா, அந்த மக் முழுசா சூடேறி முடிக்கிறதுக்குள்ள காபி 64, 65 டிகிரிக்கு வந்துடும். அதாவது நீங்க ஒரு வாய் கூட குடிக்கல, அதுக்குள்ள மக் 13, 14 டிகிரிய முழுங்கிடுச்சு.

இங்கதான் எல்லாரும் குழம்புவாங்க, ஏன்னா தொட்டு பாத்தா எவர்சில்வர்தான் சுடுது, பீங்கான் அவ்வளவு சுடல, அப்ப எவர்சில்வர்தானே சூட்டை நெறைய இழுக்குதுன்னு தோணும். ரெண்டும் வேற வேற விஷயம். டம்ளர் மெல்லிசா இருக்கிறதால உள்ள இருக்கிற சூடு உடனே வெளிப்பக்கத்துக்கு வந்து உங்க விரலை சுடுது, ஆனா டம்ளர் மொத்தமா எடுத்துக்கிற சூடு கம்மி, ஏன்னா அதோட எடை கம்மி. மக் கனம், அதனால ஆரம்பத்துலயே ஒரு பெரிய பங்கை எடுத்துக்கும், ஆனா அந்த சூடு சுவத்தைத் தாண்டி வெளிய வர நேரம் ஆகும். அதனாலதான் காபி ஷாப்ல எஸ்பிரெசோ போடுற சின்ன கப்பை மெஷின் மேலயே கவுத்து வச்சிருக்காங்க, அது ஷோவுக்கு இல்ல, கப்பை முன்னாடியே சூடு பண்ணி வைக்கிறாங்க. எஸ்பிரெசோவே 30 மில்லிதான், ஜில்லுனு இருக்கிற கனமான கப்ல ஊத்துனா குடிக்கிறதுக்கு முன்னாடியே செத்துப்போயிடும். வீட்லயும் மக்ல காபி குடிக்கிறவங்க முதல்ல கொஞ்சம் கொதிக்கிற தண்ணிய மக்ல ஊத்தி ஒரு நிமிஷம் வச்சுட்டு கொட்டிட்டு அப்புறம் காபி ஊத்தி பாருங்க, வித்தியாசம் முதல் வாய்லயே தெரியும்.

சரி, ஊத்தியாச்சு, அதுக்கப்புறம் சூடு எங்க போகுது? சுவர் வழியா கொஞ்சம் போகும், ஆனா பெரிய ஓட்டை மேல திறந்து கிடக்கிற வாய்தான். மேல இருந்து ஆவி பறக்குதே, அழகா இருக்குன்னு போட்டோ எடுக்கிறோமே, அந்த ஆவிதான் காபியோட சூட்டை தூக்கிட்டு போகுது. தண்ணி ஆவியாகுறதுக்கு ரொம்ப சூடு தேவை. 150 மில்லியில வெறும் ஒண்ணரை மில்லி ஆவியா போனாலே மீதி இருக்கிற காபி அஞ்சு டிகிரிக்கு மேல இறங்கிடும். அகலமான வாய் இருக்கிற கப்ல காபி சீக்கிரம் ஆறுறதும், மேல ஆடை சீக்கிரம் படியுறதும் இதனாலதான் (அந்த ஆடைய ஸ்பூனால ஒதுக்கி ஓரத்துல ஒட்டி வைக்கிறவங்க ஒரு கட்சி, அப்படியே முழுங்குறவங்க ஒரு கட்சி, நான் முதல் கட்சி). உயரமா குறுகலா இருக்கிற டம்ளர்ல சூடும் நிக்கும், வாசனையும் நிக்கும். ருசின்னு நாம சொல்றதுல பெரும்பங்கு மூக்கு வேலை, அதனால டம்ளரை விளிம்பு வரைக்கும் ரொப்பாம ஒரு விரல்கடை விட்டு ஊத்துறதுல அர்த்தம் இருக்கு, அந்த இடத்துலதான் வாசனை தேங்கி நிக்குது.

இப்ப ஆத்துறதுக்கு வருவோம். டீக்கடையில மாஸ்டர் ஒரு கையை தலைக்கு மேல தூக்கி இன்னொரு கையை இடுப்புக்கு கீழ வச்சு டீய ஒரு கயிறு மாதிரி இழுக்கிறதை பாத்திருப்பீங்க. அதுல மூணு வேலை ஒண்ணா நடக்குது. சக்கரை கரையுது. டீ மெல்லிசா விழும்போது காத்து படுற பரப்பு ஜாஸ்தியாகி ஆவி வேகமா போய் சூடு இறங்குது. மூணாவது நுரை, பால்ல இருக்கிற புரதம் காத்தை பிடிச்சு வச்சுக்குது, அதனால வெறும் கட்டஞ்சாயாவை எவ்வளவு உயரத்துல இருந்து ஆத்துனாலும் அந்த மாதிரி நுரை வராது. நுரை நின்னா அது மேல ஒரு போர்வை மாதிரி மூடிக்கிட்டு மிச்ச சூடு சீக்கிரம் போகாம தடுக்குது. ஆக முதல்ல சூட்டை வேகமா இறக்கி, அப்புறம் மேல மூடி போட்டுடுறாங்க, எந்த காலேஜ்லயும் படிக்காம.

எவ்வளவு சூட்டுக்கு இறக்கணும்? 65 டிகிரிங்கிற நம்பரை ஞாபகம் வச்சுக்கோங்க. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2016ல 65 டிகிரிக்கு மேல சூடா எதைக் குடிச்சாலும், காபியோ டீயோ வெறும் வெந்நீரோ, அது உணவுக்குழாய் புற்றுநோய்க்கு காரணமா இருக்க வாய்ப்பு அதிகம்னு சொல்ற பட்டியல்ல சேத்துச்சு. பிரச்சனை காபியில இல்ல, சூட்டுல. ருசி கணக்குலயும் கிட்டத்தட்ட அதே நம்பர் ஒத்து வருது, 70க்கு மேல நாக்குக்கு சூடுதான் பெருசா தெரியும், கொஞ்சம் இறங்குன பிறகுதான் கசப்பு, இனிப்பு, சிக்கரியோட அந்த கருகுன வாசம் எல்லாம் பிரிஞ்சு தெரியும். "எனக்கு கொதிக்க கொதிக்க வேணும்"னு பெருமையா சொல்றவங்க உண்மையில காபிய ருசிக்கல, சூட்டைத்தான் ருசிக்கிறாங்க. கோபப்படாதீங்க.

டபரா செட் இந்த கணக்கை ரொம்ப அழகா தீத்து வைக்குது. குறுகலான டம்ளர் சூட்டையும் வாசனையையும் வச்சிருக்கும், அகலமான டபரா சூட்டை இறக்கும், ரெண்டும் உங்க கையிலயே இருக்கு. அவசரமா பஸ்ஸை பிடிக்கணுமா, ரெண்டு தடவை ஜாஸ்தி ஆத்திக்கோங்க. ஞாயித்துக்கிழமை காலையில பேப்பரோட உக்காந்திருக்கீங்களா, டம்ளர்லயே விட்டு வச்சு கொஞ்சம் கொஞ்சமா டபராவுல ஊத்தி குடிங்க. உலகத்துல வேற கப்பெல்லாம் ஒரு சூட்டுக்குத்தான் டிசைன் பண்ணியிருக்காங்க, டபரா மட்டும் எந்த சூடு வேணும்ங்கிறதை குடிக்கிறவங்ககிட்டயே விட்டுடுது. சாசர்ல ஊத்தி உறிஞ்சுற பழைய பழக்கமும் இதே டெக்னிக்தான், ஹைதராபாத் ஈரானி ஓட்டல்கள்ல இன்னைக்கும் பாக்கலாம், ஆனா சாசர்ல இருந்து திருப்பி கப்ல ஊத்துனா சட்டை நாசம்.

டம்ளரோட விளிம்பு வெளிப்பக்கமா வளைஞ்சிருக்குமே, அதுக்கு ரெண்டு பிரயோஜனம் இருக்கு. ஒண்ணு, ஊத்தும்போது சிந்தாம ஒழுங்கா விழும். ரெண்டு, சுடுற டம்ளரை அந்த விளிம்புல விரலை மாட்டி தூக்கலாம். எச்சில் படாம தூக்கி குடிக்கிறவங்களுக்கும் அது வசதியா அமைஞ்சுபோச்சு.

கும்பகோணம் டிகிரி காபின்னு ஹைவே ஓரம் முழுக்க பித்தளை டபராவுல குடுக்குறாங்க. பித்தளை எவர்சில்வரை விட பல மடங்கு வேகமா சூட்டை கடத்தும், பொதுவா கனமாவும் இருக்கும், அதனால கையில பிடிக்கும்போது அந்த இதமான சூடு வேற மாதிரிதான். ஆனா பித்தளைங்கிறது செம்பும் துத்தநாகமும் கலந்தது, உள்பக்கம் வெள்ளீயம் பூசாம இருந்தா புளிப்பான எதையும் அதுல ஊத்தக்கூடாது. பால் காபி குடிச்சு உடனே கழுவி வைக்கிறதுல பெரிய வம்பு இல்ல. லெமன் டீய பித்தளை டம்ளர்ல அழகுக்காக ஊத்தி தராங்க சில இடத்துல, அதை மட்டும் வேணாம்னு சொல்லிடுங்க, புளிப்பு செம்பை கரைக்கும். வீட்டுக்கு வாங்குறதா இருந்தா உள்ள வெள்ளையா வெள்ளீயம் பூசியிருக்கான்னு பாத்து வாங்குங்க, தேய தேய மறுபடி பூசணும்.

டிகாஷன்ல சிக்கரி எவ்வளவுங்கிறது தனி சண்டை, அதுக்குள்ள நான் போகல. ஒண்ணு மட்டும், நம்ம நாட்டு விதிப்படி காபி சிக்கரி கலவையில காபி 51 சதவீதத்துக்கு கொறையக்கூடாது, பாக்கெட்ல எழுதியிருக்கும், படிச்சுட்டு வாங்குங்க. சிக்கரி ஜாஸ்தியான காபி கெட்டியா இருக்கும், அது எவர்சில்வர்ல நல்லா இருக்கும். சிக்கரி இல்லாத ப்யூர் காபிய, அதுவும் பால் இல்லாம குடிக்கிறவங்க, பீங்கானுக்கு மாறலாம், கொஞ்சம் ஆற ஆறத்தான் அதோட பழப் புளிப்பு வெளிய வரும்.

டீக்கு வந்தா கதை மாறுது. நம்ம கடை டீ சிடிசி தூள்ல போடுறது, அதாவது இலையை நசுக்கி கிழிச்சு சுருட்டி குருணையா ஆக்குறது, 1930கள்ல அஸ்ஸாம்ல வந்த மெஷின் முறை. குருணையா இருக்கிறதால சாறு சட்டுனு இறங்கும், நிறமும் துவர்ப்பும் ஜாஸ்தி. அந்த துவர்ப்பை பால்ல இருக்கிற புரதம் பிடிச்சு அடக்கிடும், அதனாலதான் அந்த தூளுக்கு பால் அவ்வளவு பொருத்தம். இந்த டீய கண்ணாடி கிளாஸ்ல குடுக்கிறதுக்கு முதல் காரணம் நிறம். பாய்லர் பக்கத்துல நிக்கிற மாஸ்டர் பால் ஊத்தி, துணி வடிகட்டியில இருந்து டிகாஷன் விடும்போது கிளாஸைத்தான் பாத்துக்கிட்டே இருப்பாரு, ஸ்ட்ராங்னா ஒரு நிறம், லைட்னா ஒரு நிறம், அவருக்கு அளவு ஸ்பூன் அந்த கிளாஸ்தான். குடிக்கிறவங்களும் வாயில வைக்காமலே "அண்ணே, இன்னும் கொஞ்சம் டிகாஷன் விடுங்க"ன்னு சொல்லிடலாம். எவர்சில்வர் டம்ளர்ல இந்த பேச்சுவார்த்தைக்கே இடமில்ல. அடுத்தது அளவு. அந்த கிளாஸ் 100 மில்லிக்கு முன்ன பின்னதான் இருக்கும், அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும், கடைசி வாய் ஆறிப்போறதுக்கு நேரமே இருக்காது. அடி கண்ணாடி தடிமனா இருக்கும், அதனால அடியில சுண்டுவிரலும் விளிம்புல கட்டைவிரலும் வச்சு பிடிக்கிற அந்த ஸ்டைல் தானா வந்துடுது. துருக்கியில இடுப்பு ஒடுங்குன சின்ன கண்ணாடி கிளாஸ்ல பால் இல்லாத டீ குடிக்கிறாங்களே, அங்கயும் இதே கதைதான், நிறம் தெரியணும், விளிம்புல பிடிக்கணும், ஆறுறதுக்குள்ள முடிக்கணும்.

டீ கிளாஸ் பத்தி பேசும்போது இதை விட்டுட்டு போக முடியாது. நம்ம ஊர்ல டீக்கடை கிளாஸ் ரொம்ப நாளா ஜாதி பாக்குற கருவியாவும் இருந்திருக்கு. இரட்டைக் குவளைன்னு சொல்றது அதைத்தான், தலித் மக்களுக்கு தனி டம்ளர், இல்லேன்னா சிரட்டை, வெளிய நின்னு குடிச்சு அவங்களே கழுவி வச்சுட்டு போகணும். ஓட்டல்ல பொதுவா வச்சிருக்கிற பாத்திரத்தை ஒருத்தரை தொட விடாம தடுக்கிறது குற்றம்னு 1955 தீண்டாமை ஒழிப்பு சட்டத்துலயே தெளிவா எழுதியிருக்கு, அதுக்கப்புறமும் பல வருஷம் பல ஊர்ல நடந்துச்சு, அங்கங்க இப்பவும் செய்தி வருது. பேப்பர் கப் வந்த பிறகு சில இடத்துல சிலருக்கு கிளாஸ், சிலருக்கு பேப்பர் கப்னு அதே வேலை வேற ரூபத்துல. எந்த கடையிலயாவது யாருக்கு எதுல குடுக்கிறாங்கன்னு ஒரு நிமிஷம் நின்னு பாத்தா தெரிஞ்சிடும்.

பீங்கான் கப்போட உண்மையான இடம் பால் இல்லாத டீ. ஊட்டி, குன்னூர் பக்கமோ இலங்கை மலையகத்துலயோ டீ ஃபேக்டரி பாக்க போனா டேஸ்டிங் ரூம்னு ஒண்ணு இருக்கும், வரிசையா வெள்ளை பீங்கான் கப், வெள்ளை பீங்கான் கிண்ணம். ருசி பாக்கிறதுக்கு 1980ல ஒரு சர்வதேச தரமே போட்டிருக்காங்க, 100 மில்லி தண்ணிக்கு 2 கிராம் தூள், 6 நிமிஷம், பாத்திரம் வெள்ளை பீங்கான். வெள்ளைதான் ஏன்னா நிறம் மாறாம தெரியணும், பீங்கான் ஏன்னா அது தன் பங்குக்கு எந்த வாசனையையும் சேக்காது. அங்க ருசி பாக்கிறவங்க ஸ்பூன்ல எடுத்து சத்தமா "ஸ்ஸ்ர்ர்"னு உறிஞ்சுவாங்க, டீ வாய் முழுக்க தெளிச்சு வாசனை மூக்குக்கு பின்வழியா ஏறணும்னு. அதனால இனிமே வீட்ல யாராவது உறிஞ்சு குடிச்சா திட்டாதீங்க.

இலங்கையில 1867ல ஜேம்ஸ் டெய்லர்ங்கிற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்துல 19 ஏக்கர்ல தேயிலை போட்டாரு, அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு காபிச் செடிக்கு இலைத்துரு நோய் வந்து காபித் தோட்டமெல்லாம் அழிஞ்சு போக, மலை முழுக்க தேயிலை ஆச்சு, தமிழ்நாட்டுல இருந்து கூட்டிட்டுப் போன ஜனங்க உழைப்புல. அங்க தினசரி குடிக்கிறதுல பிளேன் டீக்கு பெரிய இடம். சீனியை உள்ளங்கையில வச்சு நக்கிக்கிட்டோ, யாழ்ப்பாணத்துல பனங்கட்டியை கடிச்சுக்கிட்டோ குடிப்பாங்க. இனிப்பை டீக்குள்ள கலக்காம தனியா வச்சுக்கிறதால ஒவ்வொரு வாய்க்கும் துவர்ப்பு முதல்ல, இனிப்பு பின்னாடின்னு மாறி மாறி வரும். ஒரு தடவை அப்படி குடிச்சு பாருங்க, சக்கரையும் கம்மியாதான் செலவாகும்.

போன் சைனான்னு கடையில மெல்லிசா, வெளிச்சத்துல பிடிச்சா விரல் நிழல் தெரியுற கப் விப்பாங்க. போன்னா இங்கிலீஷ்ல எலும்பு, அது பேருக்கு வச்ச பேர் இல்ல, உண்மையாவே மாட்டு எலும்பு சாம்பல் கலந்துதான் செய்றது, பாதிக்கு பாதி வரைக்கும் கூட இருக்கும். சுத்த சைவம்னு இருக்கிற வீட்டுக்கு கிஃப்ட் குடுக்கிறவங்க தெரிஞ்சுக்கிறது நல்லது. கப்போட கலரும் கொஞ்சம் விளையாடும், 2014ல வந்த ஒரு ஆராய்ச்சியில வெள்ளை மக்ல குடிச்சவங்க காபிய கண்ணாடி மக்ல குடிச்சவங்களை விட ஸ்ட்ராங்கா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. அப்ப மனசும் கொஞ்சம் இருக்குன்னு ஆரம்பத்துல சொன்னேனே, அது இதுதான்.

பேப்பர் கப் எனக்கு பிடிக்கவே பிடிக்காது, காரணமும் இருக்கு. எடை இல்ல, அதனால டீகிட்ட இருந்து சூடே எடுத்துக்காது, சுவரும் சூட்டை கடத்தாது, வெளிய தொட்டா ஓரளவு தாங்குற மாதிரி இருக்கும், நம்பி ஒரு வாய் குடிச்சா நாக்கு வெந்துடும். விரலுக்கு சரியான தகவல் வரமாட்டேங்குது, அதான் விஷயம். அப்புறம் அது பேப்பர் மட்டும் இல்ல, ஒழுகாம இருக்க உள்ள மெல்லிசா பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். கரக்பூர் ஐஐடியில பாத்தப்ப 85, 90 டிகிரி சூட்டுல 15 நிமிஷம் வச்ச 100 மில்லியில 25,000 மைக்ரோபிளாஸ்டிக் துகள் இருந்ததா 2020ல சொன்னாங்க. அந்த பூச்சு போட்ட கப்பை தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்தே தடை பண்ணியாச்சு, கடைக்குப் போய் பாத்தா அப்படி ஒரு தடை இருக்குன்னே தெரியாது. மண் குவளை இதுக்கு நேர் எதிர், மண்ணு டீய கொஞ்சம் உறிஞ்சும், அந்த மழை வாசம் வரும், முதல் நாலு வாய் அருமையா இருக்கும், இஞ்சி ஏலக்காய் போட்ட டீயில அந்த வாசம் காணாமப் போயிடும், அதனால வெறும் பால் டீ கேட்டு வாங்குங்க.

இதெல்லாம் நெசமான்னு பாக்கணும்னா வீட்லயே செய்யலாம். ஒரே பாத்திரத்துல டீ போட்டு, எவர்சில்வர் டம்ளர், கண்ணாடி கிளாஸ், பீங்கான் மக், கெடச்சா மண் குவளை, எல்லாத்துலயும் சமமா ஊத்தி ஊத்துன உடனே ஒரு வாய், அஞ்சு நிமிஷம் கழிச்சு ஒரு வாய் குடிச்சு பாருங்க. முதல் வாய்ல மக்தான் குடிக்கிற பதத்துல இருக்கும், டம்ளர் சுட்டுத் தள்ளும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தா இன்னும் வேடிக்கை. பசங்களை கூட்டு சேத்துக்கோங்க, ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கும் ஆகும்.

புதுசா டபரா செட் வாங்க போறவங்களுக்கு கடைசியா ஒரு யோசனை. கடையில 150 மில்லி தண்ணி கேட்டு டம்ளர்ல ஊத்தி, மேல ஒரு விரல்கடை மிச்சம் இருக்கான்னு பாருங்க, அதே தண்ணி டபராவுல முக்கால் உயரத்துக்கு மேல வரக்கூடாது, வந்தா ஆத்தும்போது வெளிய தெறிக்கும். விளிம்பை விரலால தடவி பாருங்க, உள்பக்கம் மடிச்ச கூர் தட்டுப்பட்டா வேற எடுங்க. டம்ளர் டபராவுக்குள்ள லூசா நிக்கணும், இறுக்கி உக்காந்துச்சுன்னா காபி கொஞ்சம் சிந்துனதும் கவ்விக்கும், தூக்குறப்ப டபராவும் சேந்து வரும்.